வெள்ளிக்கிழமை ஐந்தரை மணி

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்கள் பேசுவது தமிழ், படிப்பது மலையாளம். படித்த பள்ளிக்கூடம் அப்படி. தமிழ் எழுத்தைக் கண்டால் முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். இந்த வசதியில்தான் நாகேஸ்வரன் இருபது வருடம் கவிஞனாகக் காலம் தள்ளினான்.

மலையாள உத்தரவுகளைத் தமிழாக்குவது அவனுடைய ஆபீஸ் வேலை. கவிதை எழுதுவதோ தெருப்பேச்சில், மலையாளம் கலந்தது கலந்தபடியே. கமா, புள்ளி எதுவும் கிடையாது. சில பக்கங்களில் வரிகள் செங்குத்தாக இறங்கும். சென்னையில் நாலு பேர் அவனைப் பெரிய புதுமைக்காரன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தெருவில் அவன் வெறும் டிரான்ஸ்லேட்டர் நாகு. யாருடைய பேச்சு எந்தக் கவிதைக்குள் போயிருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவனும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை விஜயம் பதினோரு வருடமாக அவனோடு இருந்தாள். புருஷனுக்கு மஸ்கட்டில் வேலை, வெள்ளிக்கிழமை லீவு, சாயங்காலம் ஐந்தரைக்கு போன் பண்ணுவார் என்று தெருவுக்குச் சொல்லியிருந்தாள். வெள்ளிதோறும் வாசல் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிறாற்போல் பேசுவாள். "சாப்டேளா? சளி தேவலையா?" ஒரு வெள்ளி, பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் காதில் இருந்த போன் மணியடித்தது. காஸ் ஏஜென்சிக்காரன். இத்தனை நாளும் மறுமுனையில் ஒருவரும் இல்லை என்று நாகேஸ்வரனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தால் நல்ல அண்ணன். ஒரே வாரத்தில் அதைக் கவிதையாக்கிவிட்டான். பக்கத்தின் இடது பாதியில் விஜயத்தின் பேச்சு, வலது பாதி வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குத்தான் சென்னையில் ஆஹா ஓஹோ என்றார்கள்.

போன மாதம் ஒரு மலையாள வாரப்பத்திரிகை அந்தக் கவிதையைக் கேட்டது. அவனே மொழிபெயர்த்தான். வெள்ளியைச் செவ்வாயாக்கலாமா, மஸ்கட்டை மாற்றலாமா என்று கொஞ்சம் யோசித்தான். மூலத்தில் ஒரு சொல்லைத் தொட்டாலும் துரோகம் என்று கூட்டங்களில் முழங்கியவன் ஆயிற்றே, தொடவில்லை. இதைத் தெரு படிக்குமே என்று மனசின் ஓரத்தில் தோன்றத்தான் செய்தது. மலையாளத்தில் தன் பெயரைப் பார்க்கிற ஆசையில் அதைத் தள்ளிவிட்டான்.

எதிர்வீட்டு பகவதி பத்திரிகையோடு வந்தாள். விஜயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தர நாளும் நாங்க அறியவே இல்லையேடி விஜயம்" என்றாள். பத்திரிகையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போய்விட்டாள்.

விஜயம் நின்றபடியே படித்தாள். போய்ப் பிடுங்கிவிடலாமா என்று நாகேஸ்வரன் யோசிப்பதற்குள் படித்து முடித்துவிட்டாள்.

"அன்னிக்கு போன் அடிச்சப்போ நீ தலையைக் குனிஞ்சுண்டே," என்றாள் அவள். "அண்ணா பாத்தும் பாக்காத மாதிரி இருக்கானேன்னு எனக்கு எத்தர சமாதானமா இருந்தது தெரியுமோ?"

அவள் பக்கத்தின் வலது பாதியை விரலால் தடவினாள்.

"அவர் பக்கத்தை ஏன் வெறுதே விட்டே? எனக்குக் கேட்டுண்டுதானே இருந்தது."

இரண்டு பரிசு வாங்கித் தந்த வெள்ளை அது. இப்போது அதைப் பார்க்கவே அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வெள்ளி ஐந்தரைக்கு ஜன்னலோரம் யாரும் இல்லை. விஜயம் அடுக்களையில் இருந்தாள். அவள் சங்கடப்படக் கூடாதென்று எதிர்வீட்டில் பகவதி தன் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். அந்தக் கரிசனம் பகவதிக்கு இருக்கிறது, தனக்கு இல்லாமல் போயிற்றே என்று அவனுக்குக் கேவலமாக இருந்தது. போனை எடுத்துக் கூடத்திலிருந்தே தங்கையின் நம்பரைக் கூப்பிட்டான்.

உள்ளே மணியடித்தது. வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள்.

பேச வேண்டியது இப்போது அவன். இருபது வருடம் அடுத்தவர் பேச்சை எழுதிப் பெயர் வாங்கியவனுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. தப்பு பண்ணிட்டேன் என்று ஆரம்பிக்கக்கூடத் தெரியவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"பால் பொங்கறது அண்ணா. வெக்கறேன்."