சந்தனம் வைத்த இசைத்தட்டு

என் மாமியார் வீட்டுப் பூஜை அறையில் முருகனுக்கு இரண்டு படங்கள் உண்டு. ஒன்று கண்ணாடி போட்ட சாதாரணப் படம். இன்னொன்று வட்டமானது, நடுவில் ஓட்டை உள்ளது. ஓட்டை சரியாக முருகனின் தொப்புளில் விழும். அது உண்மையில் ஓர் இசைத்தட்டு. என் கணவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. கறுப்பு ரெக்கார்டு போல இல்லாமல் தட்டு முழுக்க மயிலும் முருகனுமாகக் கலரில் பளபளக்கும். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் அதில் இருப்பதாக உறையில் போட்டிருந்தது.

இருப்பதாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்பதற்கு ரெக்கார்டு பிளேயர் கிடையாது. ஆனாலும் "கறுப்புத் தட்டுல கரகரன்னு வரும், கலர் தட்டுல தேன் மாதிரி வரும்" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதற்கு நெற்றியில் சந்தனம், குங்குமம். வெள்ளிதோறும் கற்பூரம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்களில் எனக்குக் கல்யாணம் ஆனது. அப்போதெல்லாம் நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு செய்தித்தாளையும் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் மறியல் என்று. எங்கள் இரண்டு வீட்டாரும் பஞ்சாங்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து நாங்கள் முதல் நாளே கள்ளக்குறிச்சி மண்டபத்துக்கு வந்துவிட்டோம். மேளக்காரர்கள் விடியற்காலையில் வரவேண்டியது. அதற்குள் மறியல்காரர்கள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். அவர்கள் வந்த பஸ் தியாகதுருகத்தைத் தாண்டவில்லை. மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் என் தாய்மாமனும் ஒருவர். படிக்க வைத்த பிள்ளைக்கு வேலை கிடைக்காத கோபம் அவருக்கு, அது நியாயமான கோபம். ஆனால் தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றபோதாவது, இது யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மைக் செட்காரர் மட்டும் தப்பி வந்துவிட்டார். கரியாலூர்த் திருவிழாவுக்குப் பாட்டுப் போட்டுவிட்டு மலையிலிருந்து நேராக இறங்கியவர். மலைப் பாதையில் மறியல் இல்லை. மேளம் வராவிட்டால் என்ன, என்னிடம் கெட்டிமேள ரெக்கார்டு இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தார். மணமகள் அறையில் உட்கார்ந்திருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"இன்னாப்பா இது, சுப காரியத்துல கறுப்பு? மூடி ஓரமா வையி" என்றார் அத்தை.

"ரெக்கார்டுன்னா கறுப்பாதாங்கம்மா இருக்கும்."

"எங்க வூட்ல கலர் தட்டு கீது. சிங்கப்பூர் தட்டு. பையன அனுப்பறேன், இட்டாந்துடுவான்."

சாமி ஆயிற்றே, அதனால் இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து தட்டும் ஆள் மாதிரி இட்டுக்கொண்டு வரப்பட்டது. கறுப்புத் தட்டு இருந்த பெட்டியை மூடி அதன் மேல் அத்தையின் தங்கை ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சுப காரியத்தில் கறுப்பு ஆகாது என்பது அத்தையின் சட்டம். அன்று காலையில் அவர் தலைக்குப் பூசியிருந்த சாயம் அந்தச் சட்டத்தில் வராது. ஐயர் பிடித்துவந்த குடை வராது. நான் வருவேன். நான் நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்த அன்றே அத்தை என்னையும் கையிலிருந்த புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "போட்டோல கலரா இருந்துச்சே" என்றார். ஸ்டூடியோக்காரர் பென்சிலால் என் முகத்துக்குச் செய்த வேலை அது. ஜாதகம் நன்றாகப் பொருந்திவிட்டதால் தட்டிக்கழிக்க வழியில்லாமல் சரி என்றார்கள்.

முகூர்த்தம் வந்தது. மைக் செட்காரர் தட்டின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துண்டின் நுனியால் துடைத்துப் பார்த்தார். மேலே இருந்தது வந்தது, வரிக்குள் இறங்கியது வரவில்லை. வருஷக்கணக்காகக் கற்பூரச் சூடு பட்டுத் தட்டு அப்பளம் போல வளைந்தும் இருந்தது. ஐயர் கெட்டிமேளம் என்று கை காட்டினார். முள் இறங்கியது.

முதலில் வாணலியில் வடை மாவு விழுந்த மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ ஒரு நாதஸ்வரம், வாசிப்பவரைக் கிணற்றில் முக்கி முக்கி எடுப்பதைப் போல. முருகன் மயிலோடு ஏறி இறங்கிச் சுற்றினார். சந்தனப் பொட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் முள் துள்ளி, வந்த வழியே திரும்பியது. பீ, பீ, பீ என்று அதே இடத்தில் நின்றது. மைக் செட்காரர் பயந்து முள்ளைத் தூக்கிவிட்டார்.

அந்த இரைச்சலுக்கு மேலே தன் தங்கையிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்த அத்தைக்கு அது தெரியவில்லை. அமைதியான மண்டபத்தில் அவர் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"பொண்ணு கலருதான் கம்மி! இன்னா பண்றது, நம்ம தலையெழுத்து!"

தாலி ஏறும்போது காதில் விழுகிற சொல் பலித்துவிடும் என்பார்கள். கெட்ட சொல் காதில் விழாமல் இருக்கத்தான் கெட்டிமேளமே. என் கணவரின் கை தாலியோடு என் கழுத்துக்குப் பக்கத்தில் நின்றது. முன் வரிசையில் என் அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா தலை குனிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. இந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு அந்தத் தாலியை வாங்கினால் ஆயுசுக்கும் நான் தலையெழுத்தாகவே இருந்துவிடுவேன் என்று தோன்றியது. மணப்பெண் நிமிரக் கூடாது. நிமிர்ந்தேன்.

"அந்தக் கறுப்புத் தட்டயே போடச் சொல்லுங்க. மேடையில கறுப்பு ஆவாதுன்னா, மொதல்ல நான் எறங்கிக்கறேன்."

ஐயருக்கு முன்னால் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனதாகப் பிறகு சொன்னார்கள். மறியலால் பஸ் ஓடவில்லை, காத்துக் கிடந்தவர்களுக்கு அன்றைக்கு அதுதான் பொழுதுபோக்கு.

என் கணவர்தான் தாலியை இறக்காமலே மைக் செட்காரரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாய்யா பாத்துக்கினு கீற, போடு. சின்னம்மா, நீ பெட்டிய வுட்டு எழுந்திரு" என்றார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மலையேறி இறங்கிக் கீறல் விழுந்த கறுப்புத் தட்டு. அது பாடவில்லை, இடித்தது. பந்தல் கால் அதிர்ந்தது. தாலி ஏறியது.

படம் போட்ட தட்டுகளே அப்படித்தான் என்று பின்னாளில் ஒரு பத்திரிகையில் படித்தேன். படத்தின் மேல் மெல்லிய படலம் ஒட்டி அதில்தான் வரி போடுவார்களாம், இரைச்சல் அதிகமாகத்தான் இருக்குமாம். படம் இல்லாத வெறும் கலர் தட்டு, ஒழுங்காகச் செய்திருந்தால், கறுப்புக்குச் சமமாகவே பாடுமாம். சந்தோஷம், எனக்குக் கலர் மேல் பகை ஒன்றும் இல்லை.

அத்தை தட்டை மறுபடியும் பூஜை அறையில் மாட்டிப் புதுச் சந்தனம் வைத்தார். முருகன் அன்றைக்குத் தேனாகப் பாடியதாகவே கடைசிவரை சொன்னார். ஆனால் என் நிறத்தைப் பற்றி அந்த வீட்டில் அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. "வாய் ஜாஸ்தி அவளுக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிறம் என்னைக் கேட்காமல் வந்தது. அந்தப் பேரை நான் சம்பாதித்தேன்.