தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவர்

சுவரில் ஓட்டை அடைக்கிற வேலையில் முதலில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். சொந்த வீட்டுச் சுவரைக் கொத்தியிருந்தால் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில், தொட்டில் கட்டக்கூடிய ஒரே கூரை வளைக்குப் பக்கத்தில், இரண்டு கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் பச்சைப் பிள்ளை மேல் தூசி கொட்டினால்? "சொவரு நிக்கலன்னா, புள்ளைய நேரா கலவானைக்கே அனுப்பிருவோம்" என்றார் அம்மா. கலவானையில்தான் அக்காவின் மாமியார் வீடு. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொத்துவேலை செய்யும் மேசன் பாஸ் கையில் வேறு வேலை. பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருந்த நான்தான் வீட்டில் சும்மா இருந்தவன்.

வாங்கப் போனது

டவுன் ஹாட்வெயார் கடை முதலாளியிடம் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சீமெந்து ஒரு கிலோ போதுமா, மணலைச் சலிக்க வேண்டுமா, சுண்ணாம்பு சேர்த்தால் கெட்டுவிடுமா, மழையில் காயுமா? எதுவும் பிழையாகிவிடக் கூடாதே என்ற பயம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிங்களத்தில் தம்பி என்று விளித்து அவர் கேட்டார்: "மல்லி, ஓட்ட எங்க, சொவத்துலயா பல்லுலயா?"

முதல் பூச்சு

பழைய வெள்ளையடிப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே சீமெந்தைப் பூசினேன். வழவழவென்று அழகாக இருந்தது. காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முழுசாக, உடையாமல், தரையில் வந்து விழுந்தது.

லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கும். அடுத்த காம்பரா செல்வராணி அக்கா கொழுந்து பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், மேல் இடைவெளி வழியாகவே கேட்டார்: "என்னா தம்பி, ரொட்டி வெந்துருச்சா?"

அடியில் இருந்தது

அடுத்த நாள் அடிவரை சுரண்டினேன். நீலம், அதற்குக் கீழே ரோஸ், பிறகு மஞ்சள், மறுபடி வெள்ளை. ஒவ்வொன்றும் எந்தத் தீபாவளியோ. கடைசியில் சிவப்பு மண். அதில் யாரோ மண்ணை வழித்து அப்பிய நான்கு விரல் தடம், நேற்றுப் பதித்ததுபோல ஓரம் கூர்மையாக இருந்தது. என் விரல்களை அதில் வைத்தேன், தடம் சிறியது. நான் பிறந்ததிலிருந்து இந்தச் சுவரில்தான் சாய்ந்து படித்திருக்கிறேன். கையை எடுக்க மனம் வரவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை. "பொம்பளக் கைடா. சரி, மூடு. புள்ள வருது."

அந்தப் பக்கம்

மூடுவதற்கு முன் தளர்ந்த ஓரங்களைத் தட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் மண் உதிரும் சத்தம் கேட்டது. அக்கா மகளுக்காக இன்னொரு வீட்டை இடித்துவிடுவேனோ என்று சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அப்படி யோசித்து நின்றபோது வேலை முடிந்து செல்வராணி அக்கா வந்த சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பக்கம் ஏதோ நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் சுவர் கெட்டிப்பட்டதுபோல் இருந்தது. மெதுவாகத் தட்டினேன், அதிரவில்லை. நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்தவரின் குரல், சுவருக்கு மிக அருகில் கேட்டது: "முதுகக் குடுத்து நிக்கிறேன் தம்பி. நீங்க பயப்படாம தட்டுங்க."

அம்மாவின் கை

மண்ணை நனைத்து, சுண்ணாம்பு கூடவும் சீமெந்து குறையவுமாகக் கலந்து, இரண்டு தடவையாகப் பூசினேன். அக்கா வருவதற்கு முதல்நாள் பிடித்த மழை விடவேயில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா பிள்ளையோடு உள்ளே வந்து, உட்காராமல் அம்மாவையே பார்த்தாள். கலவானையா, இங்கேயா என்று அவளுக்கும் இன்னும் தெரியாது.

அம்மா பூச்சின் மேல் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தார். கையைக் கதவு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் தேய்த்தார். பிறகு தன் பழைய சேலையை எடுத்து என் மேல் போட்டார்: "தொட்டில கட்டுடா."

தொட்டிலில் கிடக்கும் என் மருமகள் இதுவரை அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சு வேலைக்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாதாம்.