ஆகாத ரத்தம்

மூன்றாம் வகுப்பில் எனக்கிருந்த மருத்துவ அறிவு முழுக்க முழுக்க சினிமா பார்த்து வந்தது. அதனால், அக்காவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னதும் நான் கலங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அப்பா படுப்பார், நடுவில் ஒரு குழாய் போகும், பின்னணியில் பாட்டு வரும், அக்கா எழுந்து உட்காருவாள்.

அக்காவுக்கு அரிவாள் செல் என்கிற ரத்த நோய். மூட்டு வலியில் அவள் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முறை உப்பிலியபுரத்தில் பஸ் ஏறும்போதே மூச்சு வாங்கியது, உதடு வெளுத்துவிட்டது. அவளுக்குச் சேரும் ரத்தம் ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லையாம். அப்பாவும் அம்மாவும் சோதனைக்குக் கை நீட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா வந்தார். "உங்க ரெண்டு பேர் ரத்தமும் இவளுக்கு ஆகாதுங்க. வெளியில ஆள் பாருங்க."

ஏன் என்று அப்பா கேட்டார். நர்ஸம்மா தணிந்த குரலில் ஏதோ சொல்ல, அப்பா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

பெற்றவர்கள் ரத்தம் சேரவில்லை என்றால் சினிமாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிஜமான அப்பா, அம்மா வந்து அக்காவைக் கூட்டிப்போய்விடுவார்கள். இல்லாவிட்டால் அதற்குள் அவள் செத்துப்போவாள். எது முதலில் நடக்குமோ என்று வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கட்டிலை மறைத்து நின்றேன்.

மத்தியானம், நெற்றியில் திருமண்ணோடு ஒருவர் வந்தார். ரத்ததானத்துக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தவர். போன் போனதும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டு வந்திருக்கிறார். "கொழந்தை எங்கே?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், நான் அலறினேன்.

"இவ எங்க அக்கா! குடுக்க மாட்டோம்!"

மனிதர் திகைத்துப்போனார். "அழைச்சுண்டு போக வரலைடி கொழந்தே, குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

நான் அடங்குகிற ஆளா? அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா நெசமாவே நம்ம வீட்டுப் புள்ளதானாப்பா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினாள். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ரத்தம் ஏறியது. அக்கா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அப்பா மட்டும் கட்டில் பக்கமே வரவில்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதான் வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருவரிடமும் அவர்களுக்கே தெரியாமல் ரத்தத்தில் ஆளுக்குப் பாதியாய் இருந்த நோய்தான் அவளிடம் முழு நோயாய்ச் சேர்ந்தது என்பதோ, அவர்கள் பெற்ற பெண் என்பதாலேயே அந்த ரத்தம் அவளுக்கு ஆகவில்லை என்பதோ, அவள் முகத்தைப் பார்க்க அப்பாவுக்குப் பயமாக இருந்தது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.