மண்ணுக்குப் பயந்த அண்ணன்

முதலாண்டு நினைவு நாளுக்கு மலையேறி வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும், அண்ணனின் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

அட்டையில் இருப்பது, நண்பர் கல்யாணத்தில் அண்ணன் பந்தி பரிமாறும்போது எடுத்த படம். பட்டாளத்து உடுப்பில் இன்னொரு படமும் இருக்கிறது. "அது எம்புள்ள மொகமே இல்ல. போடாத" என்று அம்மா சொல்லிவிட்டார்.

மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே லயத்து வரிசை வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அந்த வருடத்து மழையில் பின்வரிசை மாட்டுத் தொழுவத்தின் மேல் மண் சரிந்தது. மாடுகளைத் தோண்டி எடுத்ததை அண்ணன் கூடவே நின்று பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு மண் என்றால் பயம். வீரர் என்று போஸ்டர் அடித்தவர்கள் மன்னிக்க வேண்டும், என் அண்ணன் பயந்தவர்தான். மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குப் பின்னால் போய் மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். "டாக்டர் மலைக்கு நாடி பிடிக்காரு" என்று கேலி செய்வேன். "சிரி, நல்லாச் சிரி. வந்தா சொல்லிட்டா வரும்?" என்பார்.

அப்படிப்பட்டவர் தோட்டத்தில் செய்த வேலை, வடிகால் வெட்டுவது. எந்தச் சரிவில் எப்படி வெட்டினால் தண்ணீர் மண்ணைத் தள்ளாமல் இறங்கும் என்று சூப்பர்வைசரே இவரிடம் வந்து கேட்பார்.

அம்மா ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கோ தற்காலிக வேலை, அதற்கு வீடு தர மாட்டார்கள். அதற்குள் சமதரையில், பின்னால் மலையே இல்லாத இடத்தில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் ஒருவன் வந்தான். வெளிநாட்டில் பட்டாளத்து கேன்டீனில் சமையல் உதவி, சண்டைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்றான். ஒப்பந்தம் எங்களுக்குப் புரியாத எழுத்தில் இருந்தது. அண்ணன் தயங்கினார். ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும், நாலு எழுத்துப் படித்த நான்தான், "சோறாக்குற வேலதானண்ணே, போயிட்டு வா" என்றேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை.

போய் இறங்கிய மூன்றாம் வாரம் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். "பாப்பா, இங்க பதுங்கு குழிக்குள்ளதான் கெடக்கோம். மழ வேற. அம்மாட்ட சமையக்கட்டுல நிக்கேன்னு சொல்லு" என்று குரல் பதிவு வந்தது. நானும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அதன் பிறகு நான் அனுப்பியதெல்லாம் அவர் போனுக்குப் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது. கடைசியில் அந்தச் செய்தியும் வந்தது, பிறகு பெட்டியும் வந்தது. திறக்கக் கூடாது என்பது உத்தரவு. அப்படியே அடக்கம் செய்தோம்.

"ஏ பாப்பா, உள்ள கெடக்கது அவந்தானா?"

அம்மா தினமும் கேட்டார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். காகிதம் காட்டினார்களே தவிர, கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. பெட்டியில் இருப்பது அவர் இல்லையென்றால், என் அண்ணன் எந்தக் குழியில் கிடக்கிறாரோ.

பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் "சாப்டியாண்ணே" என்று அவர் எண்ணுக்குத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் இருக்கும். வரவேற்பு மேசையில் நின்றபடி பார்க்கிறேன், இரண்டு டிக். போய்ச் சேர்ந்தவர் போனைத் திறந்தது யார்? உடனே கூப்பிட்டேன்.

"ஏனுங்க, தங்கச்சிங்களா?" என்றது ஓர் ஆண் குரல்.

பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். அங்கே ஒரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அதே கேன்டீன் கதையை நம்பிப் போனவர். அந்தக் குழியில் தமிழ் பேசிய ஆட்கள் அவரும் அண்ணனும் மட்டும்தான். அண்ணனின் போனை எடுத்து வைத்திருந்தவருக்கு, சார்ஜ் ஏற்ற அன்றுதான் வழி கிடைத்ததாம்.

"உங்கண்ணன் குழிக்குள்ள எறங்கவே பயந்துக்குவாருங்க. ஆனா அவரு வாய்க்கா வெட்டிப் பலக முட்டுக் குடுத்த எடம் மட்டும் சரியவே இல்லீங்க. நாங்க ஆறு பேரு அதுக்குள்ளதானுங்க பொழச்சுக் கெடந்தோம். அன்னைக்கு வாய்க்கா அடச்சுக்கிச்சு, எடுத்துட்டு வாறன்னு மேல ஏறுனாருங்க. மண்ணு அவர ஒண்ணும் பண்ணலீங்க. மேல பறந்து வந்துச்சுங்க, குண்டு போடற ட்ரோனு."

அம்மா தினமும் கேட்பதை அவரிடம் கேட்டேன்.

"பொட்டிக்குள்ள இருக்கறது அவருதானுங்க. நாந்தானுங்க துணி சுத்தி அனுப்புனேன். அம்மாகிட்டச் சொல்லிப் போடுங்க."

சொன்னேன். அம்மா அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள சாப்டுச்சான்னு கேளு" என்றார். அதன் பிறகு பெட்டியைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. தினமும் இதைத்தான் கேட்டார்.

குழி வெட்டிய லயத்துப் பிள்ளைகளுக்கும், ஜீப்புக்கு வாடகை வாங்க மறுத்தவர்களுக்கும், மனு எழுதித் தந்த டீச்சருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு கேன்டீன் வேலை என்று உங்கள் வீட்டுப் படியில் எவனாவது ஏறினால், கையெழுத்துப் போடுமுன் என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன்.

இன்னொருவருக்கும், போனில் பேசிய அந்தப் பாலக்காட்டுக்காரருக்கும், நன்றி சொல்ல வேண்டும். பெயர் போட்டுத்தான் அச்சுக்கு எழுதியிருந்தேன். "செத்தவன் படத்துக்குக் கீழ உசிரோட இருக்கவன் பேரப் போடுவியா? அழிட்டி!" என்று அம்மா கையை ஓங்கிவிட்டார். அழித்துவிட்டேன். அவரை ஊருக்கு அனுப்பி வைக்கச் சொல்லி நாங்கள் மனுப் போட்டிருக்கிறோம். பாலக்காட்டுப் பக்கம் என்பதற்கு மேல் அவர் ஊரையும் எழுதவில்லை. அங்கே அவருடைய அம்மா, மகன் சமையல் வேலையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடாதீர்கள் என்று அந்த மகன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அண்ணன் என்னைச் சொல்ல வைத்த அதே பொய்.

அவரிடமிருந்து பதில் வந்து இன்றோடு பதினொரு நாள். இந்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன், இன்று காலையிலும் "சாப்டீங்களா" என்று அனுப்பினேன். ஒற்றை டிக்.

அம்மா இன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.