பென்சில் பிரிண்ட் எடுக்கப் போனேன்

கிரீஸும் பென்சில் கரியும் கலந்த ஒரு வாசம் உண்டு... சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்குக் கவுண்டர் வேலை. பாலிசி காலாவதியாகிவிட்டால், வண்டியை நேரில் பார்க்காமல் புதுப்பிக்க மாட்டோம். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போம். நம்பர் அப்படியே தாளில் எழும்பி வரும். அதுதான் பென்சில் பிரிண்ட்.

ஒருநாள் காலை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து வேனில் அப்பளம் ஏற்றி வரும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். வேட்டியெல்லாம் புழுதி.

"சார், பாலிசி முடிஞ்சுபோச்சு. சட்டுன்னு போட்டுத் தாங்க."

"வண்டியப் பாக்கணுமே அண்ணாச்சி."

"வாசல்லதான் நிக்கி. வாங்க."

இத்தனை நாள் தூங்கிவிட்டு இன்றைக்கு என்ன அவசரமோ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே பென்சிலோடு போனேன். பின்னால் தார்ப்பாய் கொஞ்சம் விலகியிருந்தது.

அப்பளக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஆள் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே துண்டு கட்டியிருந்தது. துண்டு முழுக்க ரத்தம்.



"யாரு இது?"

"எம் மச்சினன் சார். பின்னால காலத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தான். சேரன்மாதேவி தாண்டி லாரி உரசிட்டு."

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்கன எதுக்குவே வந்தீரு?"

"அங்கன போலீஸ் பேப்பர் கேக்குமாம். இன்சூரன்ஸ் இல்லன்னா வண்டியப் புடிச்சிருவாங்க, மொதல்ல அதப் போடுன்னு அவன்தான் சொல்லுதான்..."

படுத்திருந்தவர் பையத் தலையைத் தூக்கினார்.

"சார்... போட்டாச்சா?"

என்ன மனுஷர்கள் இவர்கள்... வண்டியில் ஏறி உட்கார்ந்து, "எடும்வே வண்டிய" என்று மட்டும் கத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். அங்கே யாரும் ஒரு காகிதமும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத்தான் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

ஆள் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு வண்டிதான் சோறு என்று பிறகு சொன்னார்கள். தெரிந்த பிறகும் என் மனசு ஆறவில்லை.

இப்போது என் மகன் சோபாவில் படுத்துக்கொண்டே போனில் பாலிசியைப் புதுப்பித்துவிடுகிறான். வண்டியை யாரும் பார்ப்பதில்லை. விரலில் கரியும் ஒட்டுவதில்லை. நல்லதுதான்...

ஆனால் ஒவ்வொரு வருஷமும் போனைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்காமலே "போட்டாச்சுப்பா" என்பான்.

என்னை அறியாமலே விரலை மூக்கருகே கொண்டுபோவேன்.