சைக்கிள் சத்தம்

கலியாணமான புதிதில் உடுவிலில் தனியாகக் குடியிருந்தோம். கள்ளர் பயத்தில் என் கணவர் ஓர் இரகசியச் சொல் வைத்தார். அதைச் சொன்னால்தான், யார் வந்தாலும் நான் கதவைத் திறக்க வேண்டும்.

ஒருநாள் பின்னேரம், கொட்டும் மழையில் அவரே வந்து தட்டினார்.

"நான்தானப்பா, கதவைத் திறவும்!"

"சொல்லைச் சொல்லுங்கோ."

மனிசன் மறந்துவிட்டார். "அது... ஏதோ ஒரு காய்..."

சட்டம் அவர் போட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்: "தம்பி, பயித்தங்காய் எண்டு சொல்லுங்கோ!"

தினமும் வாசலில் நின்று அவர் கத்தியதில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அது மனப்பாடம்.

அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். உண்மையில், ஒழுங்கை முனையில் அவருடைய சைக்கிளின் செயின் கவர் கடகடக்கும்போதே வருவது யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தச் சைக்கிள் இருந்தவரைக்கும் அதைத் திருத்த நான் விடவேயில்லை.