நெகட்டிவ் இல்லாத கெமரா

என் அம்மா இருபது வருடங்களுக்கு மேலாகப் படம் பிடிக்கிறார். ஆனால் அவர் எடுத்தவற்றில் எங்கள் வீட்டில் இருப்பவை பதினொன்றுதான். பதினொன்றிலும் நிற்பது நான். ரோலின் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சினால் வீட்டுக்கு வந்து என்னைச் சுவரோடு நிறுத்தி எடுத்து முடித்துவிடுவார். மற்றவை எல்லாம், நெகட்டிவோடு சேர்த்து, படத்தில் இருப்பவர்களிடமே போய்விட்டன.

அம்மா போவது பெண்கள் பக்கத்துக்கு மட்டும். கொட்டாஞ்சேனையில் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடுகளின் தண்ணீர் வார்ப்பு, மருதானை முஸ்லிம் வீடுகளில் கல்யாணத்தின் பெண்கள் பகுதி என்று, ஆண்கள் கெமராவோடு போக முடியாத இடங்கள் அவருடையவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். ஒரு ஸ்டூடியோவைக் கூட்டித் துடைக்கப் போனார். ஒருநாள் ஒரு சாமத்திய வீட்டில் "ஆம்பிளைய அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் கெமராவை அம்மாவின் கையில் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குப் பிடித்தது அம்மாவை விடவில்லை.

படங்களைக் கொடுக்கும்போது நெகட்டிவ் துண்டுகளை மண்ணிற உறைக்குள் போட்டு, அந்த வீட்டு அம்மாவின் முன்னாலேயே ஒட்டிக் கொடுப்பார். "என்னட்ட ஒண்டும் மிச்சமில்ல" என்பார். மருதானை லேப்பில் ஒரு அக்கா மெஷினில் நிற்பார். ஃபிலிம் கழுவி முடியும்வரை அம்மாவும் அங்கேயே நிற்பார். ஒரு வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்லித்தான் அம்மாவுக்கு வேலை வந்தது. சொன்னதும் படத்தின் அழகைப் பற்றியல்ல, அந்த உறையைப் பற்றித்தான்.

அந்த லேப் அக்காதான் ஒருநாள் சொன்னார்: "இனி ஃபிலிம் கழுவ மாட்டாங்களாம் அக்கா. மருந்து வாறதில்ல. இந்த மாசத்தோட சரி."

அடுத்த மாதம் மருதானையில் ஒரு கல்யாணம் இருந்தது. அந்த வீட்டின் மூத்த மகளின் கல்யாணத்தையும் அம்மாதான் எடுத்தார். இப்போது இளையவள். அம்மா போன் எடுத்து டிஜிட்டலுக்கு மாறப்போவதாகச் சொன்னார்.

"தங்கச்சி, நீங்க எங்கட வீட்டு ஆளு," என்றார் மணப்பெண்ணின் உம்மா. "ஆனா டிஜிட்டல்ண்டா போனுக்குப் போகும், அங்கிருந்து எங்கெங்கயோ போகும். புள்ளட முகம் ஊர் முழுக்கச் சுத்தினா நான் மாப்புள வீட்டுக்கு என்னத்தச் சொல்ற? கெமராவக் கொண்டுவந்து காட்டுங்க. பொறகு பாப்பம்."

அந்த வீடு வேண்டாம் என்றால் மற்ற வீடுகளும் வேண்டாம் என்றுதான் சொல்லும். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏ.எல். வரை படித்த முதல் ஆள் நான். ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் கிளாக். கெமரா தெரிவு செய்வது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். ஒரு கொப்பியில் கட்டம் போட்டு ஒன்பது கெமராக்களை ஒப்பிட்டு எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சோதனை எழுதப் போறியா?" என்றார்.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு கெமராக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணை யாழ்ப்பாணத்தவர். என் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "தம்பி, எனக்கே இவ்வளவு தெரியாது," என்றார். அதில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நான் முதலாவதாகப் போட்டிருந்த கெமராவை அவர் எடுத்து, என் போனோடு இணைத்து, அம்மாவை ஒரு படம் எடுத்தார். கையில் இருந்த என் போன் துடித்தது. திரையில் அம்மா, தோளில் பையோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"பாருங்க அம்மா! அந்த நிமிஷமே வந்திட்டுது," என்றேன்.

அம்மா போனைப் பார்த்தார். கெமராவைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் வயர் இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"எப்பிடி வந்தது?"

"காத்தில வாறது."

"உன்ட போனுக்கு வாறது இன்னொருத்தன்ட போனுக்கும் போகுந்தானே?"

அதை நிறுத்தி வைக்கலாம் என்றேன். கடைக்காரரும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது என்றார். அம்மா கெமராவை மெதுவாக அவர் பக்கம் தள்ளி வைத்தார். "நிப்பாட்டி வச்சிருக்கன் எண்டு நான் எத்தன வீட்டில சத்தியம் பண்றது? காத்தே இல்லாத சாமான் இருக்கா?"

கடைக்காரர் அலுமாரித் தட்டின் பின்னாலிருந்து, என் கொப்பியில் ஒன்பதாவதாகக் கிடந்த பழைய மாடலை எடுத்தார். அம்மா அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் சில்லுகளைத் திருகிப் பார்த்தார். டிக், டிக், டிக். அவர் வெளிச்சம் கணக்குப் பார்ப்பதே அப்படித்தான்.

"கண்ண மூடிக்கொண்டு வாங்கிறதுக்கு இதென்ன கத்தரிக்காயே அக்கா?" என்றார் கடைக்காரர்.

"கத்தரிக்காய கண்ணத் துறந்துதான் வாங்கவேணும், தம்பி. புழு இருக்கும்." அம்மா கண்ணைத் திறந்தார். "இதில நெகட்டிவ் எங்க?"

அவர் பக்கத்து மூடியைத் திறந்து, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கார்டைக் கழற்றிக் காட்டினார்.

"இதக் குடுத்திட்டா என்னட்ட ஒண்டும் இராதா?"

"வேற எதிலயும் ஏத்தாட்டி ஒண்டும் இராது."

அவ்வளவுதான். பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவதை வாங்குவதற்கு எனக்கு எதற்கு ஒரு கொப்பி?

ஆனாலும் கொப்பியை விடவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால் மெனுவில் எது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணி எண்ணித் தமிழில் எழுதி வைத்தேன். அம்மாவுக்குத் தேவையில்லை என்று நான் நினைத்தவற்றை அவருக்குச் சொல்லித் தரவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மருதானை வீட்டுக்குப் போனோம். உள்ளே பெண்கள் இருந்ததால் என்னை முன் அறையில் இருத்தி, இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. மணப்பெண்ணின் உம்மாவை அவர் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"இதுதான் ராத்தா நெகட்டிவ். உங்கட கையில வச்சிருங்க. இனி இது வெறும் பெட்டி."

"வெறும் பெட்டியா? தாங்க பாப்பம்," என்றது ஓர் இளங்குரல். அது மூத்த மகள்.

கிளிக்.

பிறகு மூன்று நான்கு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். "உம்மா! கல்யாணப் பொண்ணுட படம் இருக்கு! கார்ட் இல்லாமயே விழுந்திருக்கு!"

கார்ட் இல்லாவிட்டாலும் அந்தக் கெமரா படம் அடிக்கும். அடித்ததைத் திரையில் சும்மா காட்டும். கடைகளில் பழகிப் பார்ப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதைப் பூட்டவும் ஒரு இடம் இருந்தது. நான் வாசித்திருந்தேன். கொப்பியில் அதன் பக்கத்தில் 'தேவையில்லை' என்று என் கையாலேயே எழுதியும் இருந்தேன்.

"ஆன்ட்டி, அது சேமிக்கப்படாது," என்று பச்சைத் திரையைப் பார்த்துச் சொன்னேன். "தற்காலிகமா நினைவகத்தில..." என்று தொடங்கி ஏதேதோ விளக்கினேன்.

"மகன்," என்றார் அந்த உம்மா உள்ளேயிருந்து, கோபமில்லாமல். "நீங்க படிச்ச புள்ள. இல்லண்டு சொல்றீங்க. ஆனா என்ட மவள் இதுக்குள்ள இருக்கிறது என்ட கண்ணுக்குத் தெரியுதே."

நான் கொப்பியைக் கையில் எடுத்தேன்.

பச்சைத் திரை விலகியது. அம்மா கெமராவோடு வெளியே வந்தார். கெமராத் திரையின் மேல் சேலைத் தலைப்பை மடித்து இறுக்கிப் பிடித்திருந்தார். அதில் இருக்கும் முகம் எனக்குக்கூடத் தெரியக்கூடாது.

"ஒரு மாசமா எழுதினியே. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தேவையில்லையெண்டு நினைச்சிட்டன்."

"எது தேவை எண்டு நீயா சொல்றது?" பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, "இத அடைக்கலாமா?"

"அடைக்கலாம். முதல்ல ஓஃப் பண்ணுங்க. அந்தப் படம் அதோட போயிடும்."

அம்மா திரும்ப உள்ளே போனார். நான் கொப்பியை விரித்து, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று வாசித்தேன். "மெனு பொத்தானை அமத்துங்க. இடப்பக்கம் பென்சில் படம் வரும். வந்ததா?"

"வந்தது."

"அதில கீழ ஆறு. எண்ணிப் போங்க."

உள்ளே எல்லாப் பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள். "...நாலு, அஞ்சு, ஆறு!"

"வலப்பக்கம் ஒண்டு. கீழ ஒண்டு. இப்ப ஓகே."

"யாராவது அடிச்சுப் பாருங்க," என்றார் அம்மா.

சத்தமில்லை. இன்னொருவர் அடித்தார். அப்போதும் இல்லை. கிழவி ஒருவர், "எனக்கும் தாங்க புள்ள," என்று கேட்டு வாங்கி அழுத்தினார். கெமரா அசையவில்லை.

"கெமராட வாயையும் கட்டிட்டீங்களே தங்கச்சி," என்றார் உம்மா. உள்ளே சிரிப்புக் கிளம்பியது. "சரி. கல்யாணத்தண்டைக்கு வெள்ளன வாங்க. மகன், நீங்களும் வாங்க, சாப்பாடு ஆம்பிளயள் பக்கம். அந்தக் கொப்பியையும் கொண்டு வாங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. லேப்பில் படம் அடித்தபோது உம்மாவும் கூட வந்து நின்றார். கார்ட் மண்ணிற உறைக்குள் போய், ஒட்டப்பட்டு, அவருடைய கைப்பைக்குள் போனது. போகும்போது அவர் தன் தங்கை வீட்டு நம்பரை அம்மாவிடம் எழுதிக் கொடுத்தார். அங்கேயும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாளாம்.

லேப் வாசலில் அம்மா கேட்டார்: "வெள்ளவத்தையில காத்தில வந்த படம். அது உன்ட போன்ல கிடக்கா?"

நான் காட்டினேன். அம்மா நீண்ட நேரம் பார்த்தார். "இவ்வளவு சந்தேகமாவா நான் பாக்கிறனான்?"

"கெமராவ இல்ல. என்னைத்தான் அப்பிடிப் பாக்கிறீங்க."

"அது ஆர்ட படம்?"

"உங்கட."

"அப்ப அடிச்சு என்னட்டத் தா. போன்ல இருக்கக்கூடாது."

திரும்ப உள்ளே போய் ஒரு படம் அடித்தோம். போனில் இருந்ததை அம்மாவே தன் விரலால் அழித்தார். கூடவே ஒரு புதுக் கார்டும் வாங்கினார். வீட்டுக்கு வந்து, அந்தப் படத்தை ஆல்பத்தில் என் பதினொன்றுக்கும் பக்கத்தில் செருகிவிட்டு, புதுக் கார்டைக் கெமராவில் போட்டார்.

"இது எங்கட கார்ட். ஆருக்கும் குடுக்கத் தேவையில்ல," என்றார். "போய்ச் சுவரோட நில்லு."